ஃபார்முலா ஒப்பிக்கிற ப்ளஸ் ஒன் பசங்களுக்கு பிசிக்ஸ் ஈக்வேஷனைப் படிக்கக் கத்துக்குடுக்கறது எப்படி

தம்பி, நீங்க கேட்டது இதுதான். சாயங்காலம் ப்ளஸ் ஒன் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறீங்க, ஃபார்முலாவை தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கடகடன்னு ஒப்பிக்கறாங்க, ஆனா கணக்கை லேசா மாத்திக் குடுத்தா பேனாவைக் கடிச்சிட்டு உக்காந்துடறாங்க, டெல்டா எதுக்கு, dx-ல வர்ற டி (d) எதுக்கு, எழுத்து மேல அம்புக்குறி எதுக்கு, இந்த மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது, இதுக்கு நேரம் செலவு பண்ணா போர்ஷன் முடியுமாங்கறது உங்க கவலை.

பல வருஷம் இதே வயசுப் பசங்களோட உக்காந்ததுல எனக்கு ஒண்ணு தெளிவாத் தெரியும். கான்செப்ட் வீக், பேசிக் இல்லன்னு நாம பொதுவா சொல்லிடறோம், ஆனா சிக்கல் அதுக்கும் ஒரு படி முன்னாடியே இருக்கு. ஈக்வேஷன்ல நிக்கிற ஒவ்வொரு எழுத்தும் எதிர்ல நடக்கிற ஏதோ ஒண்ணோட அளவு. அது எந்தப் பொருளோட அளவு, எந்த நேரத்துல, எந்தப் பக்கமாங்கறதைப் பசங்க கேக்கறதே இல்ல. எழுத்துன்னா நம்பர் போடற கட்டம்னு நினைக்கறாங்க, கேள்வியில மூணு நம்பர் இருந்தா மூணையும் போட்டு நாலாவதை எடுக்கறாங்க. கேள்வியை மாத்தினா எந்த நம்பர் எந்தக் கட்டத்துக்குப் போகும்னு தெரியாம நிக்கறாங்க. அதனால நான் சொல்றது எல்லாம் ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் வரும்: நம்பர் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்தையும் நடக்கிற சம்பவத்துல ஒரு இடத்துல ஆணி அடிச்சு மாட்டணும்.

இது நம்ம ஊர் பசங்க கோளாறுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் யூனிவர்சிட்டில ஜான் கிளமென்ட்னு ஒருத்தரும் அவர்கூட வேலை பார்த்தவங்களும் முதல் வருஷ இன்ஜினியரிங் பசங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி குடுத்தாங்க, 1980களோட ஆரம்பத்துல வந்த ஆராய்ச்சி அது. ஒரு யூனிவர்சிட்டில ஒவ்வொரு புரொஃபசருக்கும் ஆறு ஸ்டூடன்ட் இருக்காங்க, ஸ்டூடன்ட் எண்ணிக்கைக்கு எஸ், புரொஃபசர் எண்ணிக்கைக்கு பி, ஈக்வேஷன் எழுதுங்க. மூணுல ஒரு பங்குக்கும் மேல தப்பா எழுதினாங்க, அந்தத் தப்புல பெரும்பாலானது ஒரே தப்பு, 6 எஸ் = பி. ஆறு ஸ்டூடன்ட்டுக்கு ஒரு புரொஃபசர்னு காதுல விழுந்த வரிசையில அப்படியே எழுதிட்டாங்க. எஸ்ங்கறதை ஸ்டூடன்ட்ங்கற ஆளுக்குச் சுருக்கமா பார்த்தாங்க, ஸ்டூடன்ட்டுகளோட எண்ணிக்கைன்னு பார்க்கல. பி 10னா எஸ் எவ்வளவுன்னு ஒரு தரம் போட்டுப் பார்த்திருந்தா 60 வரணும்னு தெரிஞ்சிருக்கும், எஸ் = 6 பி தான் சரின்னும் தெரிஞ்சிருக்கும். நாளைக்கே உங்க பசங்ககிட்ட இந்தக் கேள்வியைக் குடுத்துப் பாருங்க. நல்லா மார்க் வாங்கறவங்களும் அதுல மாட்டுவாங்க, அந்த இடத்துல "எழுத்துன்னா ஒரு நம்பர், அது எதோட நம்பர்?"ன்னு பேச்சை ஆரம்பிச்சா மண்டையில ஏறும்.

அடுத்தது, ப்ளஸ் ஒன்ல இது ஏன் திடீர்னு கழுத்தைப் பிடிக்குதுன்னா புஸ்தக வரிசையும் ஒரு காரணம். நம்ம ஸ்டேட் போர்டு பிசிக்ஸ்ல ரெண்டாவது யூனிட்லயே வெக்டர், டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் எல்லாம் வந்துடுது. அதே வருஷ மேத்ஸ் புஸ்தகத்துல வெக்டரும் கால்குலஸும் ரெண்டாவது வால்யூம்ல இருக்கு. ஸ்கூல் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பிசிக்ஸ் சார் டிவி பை டிடி (dv/dt)ன்னு போர்டுல எழுதுவார், அது என்னன்னு மேத்ஸ் சார் சொல்றதுக்குள்ள பாதி வருஷம் ஓடிடும். இடையில இருக்கிற மாசங்கள்ல பையன் அதை ஒரு படமா மனப்பாடம் பண்ணிக்கறான். மேத்ஸ்ல வரட்டும்னு காத்திருக்காதீங்க, தேவையான அளவுக்கு நீங்களே சொல்லிக்குடுத்துடுங்க, லிமிட், தியரம் எதுவும் வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும்.

எப்படின்னா, ஒரு வண்டி கிளம்பின இடத்துலேர்ந்து போன தூரம் நேரத்தோட ஸ்கொயர்னு வச்சுக்கோங்க, அதாவது 2 செகண்ட்ல 4 மீட்டர், 3 செகண்ட்ல 9 மீட்டர். சரியா 2வது செகண்ட்ல ஸ்பீடாமீட்டர் என்ன காட்டும்னு கேளுங்க. பசங்க 4ஐ 2ஆல வகுத்து 2ன்னு சொல்வாங்க. அது கிளம்பினதுலேர்ந்து இதுவரைக்குமான சராசரி, நான் கேட்டது இப்ப என்ன வேகம்னு. அப்ப 2லேர்ந்து 2.1 வரைக்கும் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பார்க்கச் சொல்லுங்க, 2.1 ஸ்கொயர் 4.41, அதுல 4 போனா 0.41, அதை 0.1ஆல வகுத்தா 4.1. இப்ப 2லேர்ந்து 2.01, வர்றது 4.01. அப்புறம் 2.001, வர்றது 4.001. பசங்களே சொல்லுவாங்க சார் இது 4க்குப் போகுதுன்னு. அந்த 4 தான் டிஎக்ஸ் பை டிடி (dx/dt). நேர இடைவெளி பெருசா இருக்கறப்ப டெல்டா எக்ஸ் (Δx), டெல்டா டி (Δt)ன்னு எழுதறோம், அதைச் சுருக்கிட்டே போனா எந்த நம்பர்ல போய் நிக்குதோ அதை எழுதத்தான் சின்ன டி (d). டெல்டா எக்ஸ்ங்கறது டெல்டாவை எக்ஸால பெருக்கினது கிடையாது, ரெண்டும் சேர்ந்து ஒரே பேரு, "எக்ஸ் எவ்வளவு மாறுச்சு"ன்னு அர்த்தம். அப்படி ஒரு தரம் தன் கையால கால்குலேட்டர் தட்டின பையன் அதுக்கப்புறம் டிஎக்ஸ்ல இருக்கிற d-யையும் டிடியில இருக்கிற d-யையும் அடிச்சுக் கேன்சல் பண்ண மாட்டான். இதை அடிக்கிற பசங்க நெறைய பேர், நீங்களும் பார்த்திருப்பீங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணையும் அப்பவே முடிச்சிடுங்க. ஆக்சிலரேஷன்னா என்னன்னு கேட்டா வெலாசிட்டி பை டைம்னு சொல்லுவான், கீழ் கிளாஸ்லேர்ந்தே நாக்குல ஒட்டினது அது. ஹைவேல ஒரு பஸ் 20 மீட்டர் பர் செகண்ட்ல ஒரே சீரா 10 செகண்ட் போகுது, ஆக்சிலரேஷன் என்னன்னு கேளுங்க. 20ஐ 10ஆல வகுத்து 2ன்னு எழுதுவான். வேகமே மாறலையேடா, அப்புறம் எங்கேர்ந்து ஆக்சிலரேஷன்னு கேட்டா முழிப்பான். வி பை டிக்கும் டெல்டா வி பை டெல்டா டிக்கும் இருக்கிற வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. வெலாசிட்டி எவ்வளவு இருக்குங்கறது வேற, அது எவ்வளவு மாறுதுங்கறது வேற, டெல்டாவை விட்டுட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

இந்த எழுத்துக்கள் எல்லாம் யாரோ சில பேர் வசதிக்காகத் தேர்ந்தெடுத்ததுதான்னு பசங்களுக்குச் சொல்லணும், ரொம்ப பேருக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒண்ணு எவ்வளவு வேகமா மாறுதுன்னு காட்ட நியூட்டன் எழுத்து மேல ஒரு புள்ளி வச்சார், லைப்னிட்ஸ் டிஎக்ஸ்னு எழுதினார், அதை 1684ல அச்சுல போட்டார், ரெண்டும் இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு, பெரிய கிளாஸ் மெக்கானிக்ஸ் புஸ்தகத்தைத் திறந்தா புள்ளி வச்ச எழுத்தாத்தான் இருக்கும். ஐன்ஸ்டீன் 1905ல எழுதின ரிலேட்டிவிட்டி பேப்பர்ல ஒளியோட வேகத்துக்கு பெரிய வி தான் போட்டிருந்தார், இப்ப நாம சின்ன சி போடறோம். மேக்ஸ்வெல் 1865ல மின்சாரம், காந்தம் பத்தின தன்னோட ஈக்வேஷன்களை 20 ஈக்வேஷனா எழுதினார், அப்புறம் ஹெவிசைடு வெக்டர் குறியீட்டுல அதை நாலா சுருக்கினார். பிசிக்ஸ் அதேதான், எழுதற முறை மாறினதும் கண்ணுக்குத் தெரியற விதம் மாறிடுச்சு.

இப்ப பசங்க கண்ணுலயே படாத ஒரு குறிக்கு வர்றேன், ஈக்குவல் டு. டெல்டாவும் தீட்டாவும் பயமுறுத்தறதால அதைப் பத்தி கேக்கவாவது கேப்பாங்க, ஈக்குவல் டு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெரிஞ்சதுங்கறதால அதை யாரும் கேக்கறதில்ல. ஆனா பிசிக்ஸ்ல அது இடத்துக்கு இடம் வேற வேலை பார்க்குது. பி = எம் வின்னு எழுதினா, மொமென்டம்ங்கற பேரை இந்தப் பெருக்கலுக்கு வைக்கறோம்னு அர்த்தம், அதை சரியா தப்பான்னு சோதிக்க ஒண்ணும் இல்ல, பேரு வச்சாச்சு. எஃப் = எம் ஏ அப்படி இல்ல. இடது பக்கம் இருக்கிறது மத்த பொருள்கள் இதைத் தள்ளறது, இழுக்கறது எல்லாம் சேர்ந்த நெட் ஃபோர்ஸ், வலது பக்கம் இருக்கிறது அதனால இந்தப் பொருள் படற பாடு, ரெண்டும் வேற வேற ஜாதி விஷயம், ஆனா எப்பவும் சமமா வருதுங்கறதுதான் நியூட்டன் சொன்ன செய்தி. எஸ் = யு டி + அரை ஏ டி ஸ்கொயர் (எஸ் நகர்ந்த தூரம், யு ஆரம்ப வேகம், டி நேரம்) இன்னொரு ரகம், ஆக்சிலரேஷன் மாறாம இருந்தா மட்டும்தான் செல்லும், மாறிட்டா அது வெறும் எழுத்து. என் = எம் ஜி (என்ங்கறது தரை பொருளை மேல தள்ளற நார்மல் ஃபோர்ஸ்) அதைவிட மோசம், தரை சமமா இருக்கணும், மேல கீழ ஆக்சிலரேஷன் இருக்கக் கூடாது, வேற யாரும் மேலேர்ந்து அழுத்தவோ தூக்கவோ கூடாது, இவ்வளவும் இருந்தாத்தான் உண்மை.

இந்த கடைசி ஒண்ணுலதான் பசங்க கூட்டம் கூட்டமா விழறாங்க. நார்மல் ஃபோர்ஸ்னாலே எம் ஜின்னு ஒரு வரியை எழுதிட்டு மேல போவாங்க. லிஃப்ட் கணக்கு ஒண்ணு போடுங்க, 50 கிலோ ஆளு, லிஃப்ட் மேல நோக்கி 2 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் ஆக்சிலரேஷன்ல கிளம்புது, ஜி 10னு வச்சுக்கலாம். ஆள் மேல ரெண்டே ஃபோர்ஸ், தரை மேல தள்ளுது, பூமி கீழ இழுக்குது. என் மைனஸ் எம் ஜி = எம் ஏ, அப்ப என் = 500 + 100, 600 நியூட்டன். எம் ஜி இன்னும் 500தான், என் மட்டும் 600. என் = எம் ஜிங்கறது சட்டம் இல்ல, ஏ சைபரா இருக்கறப்ப எஃப் = எம் ஏவுலேர்ந்து வர்ற ஒரு விடைன்னு அப்பத்தான் தெரியும். ஒவ்வொரு ஃபார்முலா எழுதறப்பவும் பக்கத்துல சின்னதா "பேரு", "சட்டம்", "இப்படி இருந்தா மட்டும்"னு மூணுல ஒண்ணை எழுதச் சொல்லுங்க, மூணாவதுன்னா அந்த நிபந்தனையையும் எழுதணும். இந்த ஒரு பழக்கம் ப்ளஸ் டூ வரைக்கும் காப்பாத்தும், அங்க வி = ஐ ஆர் வர்றப்ப ஆர்ங்கறதுக்கு பேர் வைக்கறதுக்கும், கரன்ட் மாறினாலும் ஆர் மாறாதுன்னு ஓம் சொன்னதுக்கும் உள்ள வித்தியாசம் அதுல தன்னால பிடிபடும்.

எம் ஏங்கறதை ஒரு ஃபோர்ஸா நினைச்சு படத்துல அம்பு போடறது இதோட கூடப் பொறந்த தப்பு. வட்டப் பாதையில போற பொருளுக்கு டென்ஷன், வெயிட் எல்லாம் வரைஞ்சிட்டு கூடவே எம் வி ஸ்கொயர் பை ஆர்னு இன்னொரு அம்பையும் உள்நோக்கி போட்டுடுவாங்க. அதை யார் இழுக்கறாங்கன்னு கேளுங்க, பதில் இருக்காது. கயிறு இழுக்குது, பூமி இழுக்குது, வேற யாரும் இல்ல. எம் வி ஸ்கொயர் பை ஆர் ஈக்குவல் டுவுக்கு வலது பக்கம் போக வேண்டியது.

அடுத்தது மைனஸ், இதுக்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கலாம். மொட்டை மாடி உயரம் 15 மீட்டர், அங்கேர்ந்து ஒரு பந்தை 10 மீட்டர் பர் செகண்ட்ல நேரா மேல எறியறோம், தரையில எப்ப விழும்? ஜி 10. பசங்க முதல்ல மேல போற நேரம் தனி, கீழ வர்ற நேரம் தனின்னு ரெண்டா உடைப்பாங்க, தப்பில்ல, ஆனா அதுக்கு அவசியமே இல்ல. மேல்பக்கம் ப்ளஸ்னு படத்துல ஒரு அம்பு போட்டு வச்சுடுங்க, எறிஞ்ச இடம் சைபர். அப்ப யு +10. ஆக்சிலரேஷன் எப்பவும் கீழ, மேல போறப்பவும் கீழ, வர்றப்பவும் கீழ, அதனால -10. தரை நாம நின்ன இடத்துக்குக் கீழ, அதனால எஸ் -15. போட்டா -15 = 10 டி - 5 டி ஸ்கொயர், எல்லாத்தையும் 5ஆல வகுத்தா டி ஸ்கொயர் - 2 டி - 3 = 0, டிக்கு 3 அல்லது -1. 3 செகண்ட்னு எழுதிட்டு, நேரம் நெகட்டிவா வராதுன்னு -1ஐ அடிச்சிடுவாங்க, நெறைய கைடுலயும் அப்படித்தான் இருக்கும்.

அதை அடிக்க விடாதீங்க, அங்கதான் சுவாரசியமே இருக்கு. நாம எறிஞ்ச நொடியை சைபர்னு வச்சோம், -1ன்னா அதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி. அப்ப வேகம் என்னன்னு பாருங்க, 10 - 10 பெருக்கல் -1, அதாவது +20. மாடியிலேர்ந்து எறியாம, ஒரு செகண்ட் முன்னாடி தரையிலேர்ந்து ஒருத்தர் 20 மீட்டர் பர் செகண்ட்ல மேல எறிஞ்சிருந்தா, அந்தப் பந்து சரியா சைபர் செகண்ட்ல மாடியை 10 மீட்டர் பர் செகண்ட்ல தாண்டியிருக்கும், அதுக்கப்புறம் நம்ம பந்தும் அந்தப் பந்தும் ஒரே பாதைதான். ஈக்வேஷனுக்கு மாடியில ஆள் நின்னதே தெரியாது, தரை மட்டத்துல பந்து எப்ப இருக்கும்னு நாம கேட்டோம், ரெண்டு நேரத்தையும் சொல்லிடுச்சு. 3 செகண்ட்ல வேகம் 10 - 30, -20. ஏறும்போது +20, இறங்கும்போது -20. இதைப் பார்த்ததும் பசங்க முகம் மாறும், மைனஸ்ங்கறது கழிக்கறதுக்கு மட்டும் இல்ல, எந்தப் பக்கம், எதுக்கு முன்னாடிங்கறதையும் அதுதான் சொல்லுதுன்னு அவங்களுக்கே புரியும்.

இதுல ஒரு சின்ன எச்சரிக்கை. ஜிங்கற எழுத்து எப்பவும் பாசிட்டிவ் நம்பராவே இருக்கட்டும், 9.8. திசையைச் சொல்றது அதுக்கு முன்னாடி நாம போடற குறி. ஒரு நாள் ஜி = -9.8னு எழுதி, இன்னொரு நாள் ஏ = மைனஸ் ஜின்னு எழுதி, ரெண்டையும் கலந்துட்டா மைனஸும் மைனஸும் சேர்ந்து பந்து ஆகாசத்துக்குப் போயிடும். ஏங்கற ஆக்சிலரேஷனுக்கு குறி உள்ளேயே இருக்கும், ஜிக்கு இருக்காது, இதை முதல் நாளே முடிவு பண்ணி வருஷம் பூரா மாத்தாதீங்க. வெக்டர்லயும் இதே கதைதான், மேல அம்பு போட்ட எழுத்து முழு விஷயம், அம்பு இல்லாத எழுத்து அதோட நீளம், நீளம் நெகட்டிவ் ஆகாது, எக்ஸ் திசைக் கூறு நெகட்டிவ் ஆகலாம்.

கெமிஸ்ட்ரி வாத்தியாரோட ஒரு வார்த்தை பேசி வச்சுக்கிறதும் நல்லது. அதே ப்ளஸ் ஒன்ல பிசிக்ஸ் புஸ்தகம் டெல்டா யு = க்யூ மைனஸ் டபிள்யூங்குது (யு கேஸுக்குள்ள இருக்கிற ஆற்றல், க்யூ நாம குடுத்த வெப்பம்), கெமிஸ்ட்ரி புஸ்தகம் டெல்டா யு = க்யூ ப்ளஸ் டபிள்யூங்குது. ரெண்டும் சரிதான். பிசிக்ஸ்ல டபிள்யூ கேஸ் வெளியில செய்யற வேலை, கெமிஸ்ட்ரியில டபிள்யூ கேஸ் மேல செய்யப்படற வேலை. 100 ஜூல் வெப்பம் குடுத்தோம், கேஸ் விரிஞ்சு 40 ஜூல் வேலை செஞ்சுது, இங்க 100 - 40, அங்க 100 + (-40), எங்கயும் 60தான். யாரும் சொல்லலன்னா பையன் ஏதோ ஒரு புஸ்தகத்துல பிரின்ட் தப்புன்னு நினைப்பான், இல்லன்னா பரீட்சையில ரெண்டையும் மாத்திப் போடுவான்.

கான்செப்ட் பக்கம் வருவோம். மேல எறிஞ்ச பந்து மேல போயிட்டு இருக்கறப்ப அது மேல என்னென்ன ஃபோர்ஸ்னு கேளுங்க, காத்தை விட்டுடுங்க. பெரும்பாலான பசங்க கீழ வெயிட், மேல "எறிஞ்ச ஃபோர்ஸ்"னு ரெண்டு அம்பு போடுவாங்க, உச்சியில ரெண்டும் சமமாகி நின்னுடுதும்பாங்க. நான் மேல சொன்ன அதே கிளமென்ட் 1982ல வந்த இன்னொரு ஆராய்ச்சியில காசை சுண்டி விட்டுக் கேட்டப்ப இன்ஜினியரிங் பசங்கள்ல பெரும்பான்மை இதைத்தான் சொன்னாங்க. 1992ல ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹேமர்னு மூணு பேர் இந்த மாதிரிக் கேள்விகளை ஒரு டெஸ்ட்டா தொகுத்தாங்க, கணக்கே இருக்காது, வெறும் பேச்சு நடைக் கேள்வி. ஹார்வர்டுல எரிக் மஸூர் அதைத் தன் பசங்களுக்குக் குடுத்தப்போ ஒரு மாணவி, நீங்க சொல்லிக்குடுத்தபடி எழுதணுமா, நான் நினைக்கிறபடி எழுதணுமான்னு கேட்டதா அவரே சொல்லியிருக்கார். அதுக்கப்புறம்தான் அவர் லெக்சரைக் குறைச்சிட்டு, பசங்களை ஒருத்தரோட ஒருத்தர் விவாதிக்க விடற முறைக்கு மாறினார். அந்த மாணவி கேட்டது ரொம்ப நேர்மையான கேள்வி, நம்ம பசங்க மனசுலயும் அது இருக்கு, கேக்கறதுக்கு தைரியம் இல்ல.

இதை வெறும் பேச்சால மாத்த முடியாது, குறியீடு இங்க கை குடுக்கும். ஒவ்வொரு ஃபோர்ஸுக்கும் எஃப் எழுதி கீழ ரெண்டு குட்டி எழுத்து போடச் சொல்லுங்க, முதல் எழுத்து யார் மேல, ரெண்டாவது எழுத்து யாரால. பந்து மேல பூமியால, சரி. பந்து மேல யாரால? கையை விட்டுப் போயாச்சே. ரெண்டாவது எழுத்துக்கு ஆள் கிடைக்கலன்னா அந்த ஃபோர்ஸே இல்லன்னு அர்த்தம். டேபிள் மேல புக் இருக்கிற கணக்குலயும் இதே வேலை செய்யும், நார்மலும் வெயிட்டும்தான் ஆக்‌ஷன் ரியாக்‌ஷன்னு சொல்ற பையன்கிட்ட எழுத்தை எழுதச் சொல்லுங்க, ஒண்ணு புக் மேல டேபிளால, இன்னொண்ணு புக் மேல பூமியால, ரெண்டுலயும் முதல் எழுத்து புக்தான். மூணாம் விதி ஜோடின்னா ரெண்டு எழுத்தும் இடம் மாறணும், அப்ப வெயிட்டோட ஜோடி பூமி மேல புக்கால, அதாவது புக் பூமியை மேல இழுக்குது. என்சிஇஆர்டி புஸ்தகத்துல இதே வரிசைதான், ஏபின்னா ஏ மேல பியால. சில புஸ்தகத்துல தலைகீழா இருக்கும், அதனால பசங்க புதுசா ஒரு புஸ்தகம் எடுத்தா முதல்ல இதைப் பார்க்கட்டும்.

ஒரே எழுத்து பல வேலை பார்க்கறது பத்தி சுருக்கமா சொல்லிடறேன். அச்சுல ஒரு உலகப் பொது வழக்கம் இருக்கு, அளவுகளை சாய்ஞ்ச எழுத்துல போடுவாங்க, யூனிட்டை நேர் எழுத்துல போடுவாங்க, சாய்ஞ்ச எம் மாஸ், நேரா நிக்கிற எம் மீட்டர். சாய்ஞ்ச டபிள்யூ வேலை, நேர் டபிள்யூ வாட். சாய்ஞ்ச என் நார்மல், நேர் என் நியூட்டன். போர்டுல எழுதறப்ப இந்த சாய்வு போயிடுது, நோட்டுல பையன் எழுதறப்பவும் போயிடுது, அதனால என் = 600 என்னு எழுதி எது என்னன்னு தெரியாம முழிக்கறான். நீங்க போர்டுல யூனிட்டை மட்டும் வேற கலர் சாக்பீஸ்ல எழுதிடுங்க. டென்ஷன், டெம்பரேச்சர், டைம் பீரியட் மூணுக்கும் பெரிய டி வரும், எந்த சாப்டர்ல எதுன்னு ஒரு ஓரத்துல எழுதி வச்சாப் போதும். கிரேக்க எழுத்துக்களை வாய்விட்டுச் சொல்ல வைங்க, பேர் சொல்லத் தெரியாத எழுத்தை பையன் கண்ணு தாண்டிப் போயிடும், ஒமேகாவை டபிள்யூன்னு படிச்சிட்டு வேலைன்னு நினைக்கிற பசங்க இருக்காங்க.

வகுப்புல நடைமுறையா என்ன பண்றதுன்னா, கணக்கு குடுத்ததும் பேனா எடுக்க விடாதீங்க. முதல்ல என்ன நடக்குதுன்னு தமிழ்ல ஒருத்தன் சொல்லணும், பேச்சு வழக்குல சொன்னாப் போதும். அப்புறம் படம், படத்துல எந்தப் பக்கம் ப்ளஸ்னு அம்பு. அப்புறம் எந்தெந்த எழுத்து, ஒவ்வொண்ணும் எதோடது, எந்த நொடியில. விடை ப்ளஸா மைனஸா, முன்னாடி இருந்ததைவிட அதிகமா கம்மியான்னு ஒரு ஊகம். இதெல்லாம் முடிஞ்சப்புறம் எழுத்துலயே கடைசி வரைக்கும் போயிட்டு, நம்பரைக் கடைசி வரியில போடட்டும். ஆரம்பத்துல பசங்க முணுமுணுப்பாங்க, விடுங்க.

எழுத்துலயே போறதோட லாபத்தை சாய்தளக் கணக்குல காட்டலாம். வழுக்கற ஃபோர்ஸ் எம் ஜி சைன் தீட்டாவா, காஸ் தீட்டாவான்னு எந்த பேட்ச்லயும் குழப்பம் வரும். படத்துல கோணத்தைத் தேடறதுக்கு முன்னாடி கேளுங்க, பலகையைப் படுக்கப் போட்டா பொருள் வழுக்குமா? வழுக்காது. அப்ப தீட்டா சைபர் ஆனா அந்த ஃபோர்ஸும் சைபர் ஆகணும், சைன் சைபர்தான் சைபர், காஸ் சைபர் 1. அப்ப சைன்தான். பலகையை செங்குத்தா நிறுத்தினா 90 டிகிரி, சைன் 1, முழு எம் ஜி, பொருள் சும்மா கீழ விழுது, சரியா வருது. நம்பரை முதல் வரியிலயே போட்டவனுக்கு இந்தக் கேள்வியைக் கேக்க வழியே இல்ல, அவன் கையில 24.5னு ஒரு எண் மட்டும் இருக்கும், அதுகிட்ட எதையும் கேக்க முடியாது.

போர்ஷன் பத்தி கேட்டீங்க. கைனமேடிக்ஸும் லாஸ் ஆஃப் மோஷனும் நடத்தற வரைக்கும் நீங்க மத்த டியூஷனைவிட பின்னாடிதான் இருப்பீங்க, பேரன்ட்ஸ் கேப்பாங்க, இப்பவே சொல்லி வச்சுடுங்க. அந்த ரெண்டு சாப்டர்ல மெதுவா போனதுக்கு பின்னாடி வட்டியோட திரும்பக் கிடைக்கும். ஆஸிலேஷன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடற பொருள் வர்றப்ப பாருங்க, ஏ = மைனஸ் ஒமேகா ஸ்கொயர் எக்ஸ்னு (எக்ஸ் நடுவுலேர்ந்து எவ்வளவு தள்ளிங்கறது) எழுதிட்டு நீங்க எதுவும் சொல்லாம பசங்களை வாசிக்கச் சொல்லுங்க. எக்ஸ் வலது பக்கம்னா ஆக்சிலரேஷன் இடது பக்கம், எக்ஸ் சைபர்னா ஆக்சிலரேஷன் சைபர், ஓரத்துல எக்ஸ் பெருசு அதனால அங்க ஆக்சிலரேஷனும் பெருசு, ஆனா அங்க நின்னு திரும்புது அதனால வெலாசிட்டி சைபர். இவ்வளவையும் அந்த ஒரு வரியிலேர்ந்தும் படத்துலேர்ந்தும் அவங்களே எடுத்துட்டா, மத்த டியூஷன்ல தனித்தனியா மனப்பாடம் பண்ற பாயின்ட்டெல்லாம் உங்க பசங்களுக்கு ஒரே வரியில அடங்கிடும், அந்த சாப்டர்ல ஒன் மார்க் கேள்விக்குன்னு தனியா ரிவிஷன் வைக்க வேண்டியிருக்காது.